மழைத் தண்ணீருக்கு மட்டும்

மழைநீர்க் கால்வாயில் மழைநீர் மட்டுமே ஓட வேண்டும் என்று நகரசபை ஏகமனதாகத் தீர்மானம் போட்ட நாளில், கோலார் தங்கவயலின் கோரமண்டலில் மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம், மார்ச் மாதம். கால்வாயில் மழைநீரைத் தவிர மற்ற எல்லாமும் ஓடிக்கொண்டிருந்தன. சோப்பு நுரை, கறிக்கடை கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, யாரோ ஒரு புண்ணியவான் கவிழ்த்துவிட்ட பெயிண்ட் டப்பா.

தீர்மானத்தை ஊருக்குச் சொல்லும் பொறுப்பை வார்டு கவுன்சிலர் காத்தவராயன் ஏற்றுக்கொண்டார். எந்தப் பொறுப்பிலும் மைக் இருந்தால் அவர் ஏற்றுக்கொள்வார். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். உலகத்தில் மூன்று பங்கு தண்ணீர் என்று ஆரம்பித்தார். அமேசான் நதிக்குப் போனார், கங்கைக்கு வந்தார், பாலாற்றில் கொஞ்சம் அழுதார். கடைசியில் கோரமண்டல் ஸ்டேஷனை ஒட்டிய கீழ்த்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டோவில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. மிச்சத்தை ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே பேசினார்.

கீழ்த்தெருப் பெண்கள் அதைக் கேட்டார்கள். அவர்களுக்குக் கங்கையைப் பற்றிக் கவலையில்லை. வட்டக்கிணற்றைப் பற்றிக் கவலை இருந்தது.

குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதுவும் காற்றோடு சேர்ந்து, இருமிக்கொண்டு வரும். மீதி ஏழு நாளும் முப்பத்திரண்டு வீட்டுக்கும் வட்டக்கிணறுதான். அந்தக் கிணற்று நீரின் மேல் ஒரு மாதமாக மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. வாளியை இறக்கினால் விலகும், ஏற்றினால் கூடவே ஏறிவரும்.

"நேத்து களி கிண்டனேன்பா. எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் வெச்சிட்டு, இன்னாம்மே, கிரீஸ் போட்டுக் கிண்டனியான்னு கேக்கறாரு" என்றாள் டெய்சி. அவளுக்குத் தெருவிலேயே பெரிய வாய். எழுத்தும் நன்றாக வரும்.

டெய்சி மனு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் வைத்தே கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து புஷ்பவல்லியுடையது. ஏனோதானோவென்று போட்ட கையெழுத்தல்ல. பெயர், கதவு எண், கணவர் சூசைராஜ், ஃபாக்டரியில் ஃபிட்டர், டோக்கன் நம்பர் உட்பட எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "எண்ணெ எவன் உடறான்னு கண்டுபுடிச்சி அவன் வாய்லயே ஊத்தணும், அத்தையும் எழுது" என்றாள். அரசாங்க மனுவில் அதெல்லாம் எழுதக் கூடாது என்று டெய்சி மறுத்துவிட்டாள்.

சூசைராஜுக்குக் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிஃப்ட். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் பின்கட்டு ஷெட்டில் இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கும். ஸ்கூட்டர், மொபெட், எப்போதாவது ஒரு ஜீப். சாய்வாக சிமெண்ட் மேடை போட்டு, வண்டியை அதில் ஏற்றி, டீசலும் சோப்பும் அடித்துக் கழுவிக் கொடுப்பான். ஃபாக்டரியில் ஓவர்டைம் நின்றுபோன பிறகு மகள் பல்லவி கோலாரில் டிப்ளமோ படிப்பது அந்த மேடையால்தான். கழுவிய தண்ணீர் மேடையிலிருந்து சரிந்து பின்பக்கக் கால்வாய்க்குப் போகும். கால்வாய் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக மாரிகுப்பம் பக்கம் போகும். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"வெள்ளக்காரன் லெவல் பாத்துப் போட்ட காலுவாய். தண்ணி அந்தாண்டதான் போவும்" என்று சூசைராஜ் பல தடவை சொல்லியிருக்கிறான். வெள்ளைக்காரன் போட்டது என்றால் அந்த ஊரில் தண்ணீரே மேட்டுக்கு ஏறும்.

*

மனுவுக்கு இருபது நாளில் பதில் வந்தது. பதில் காக்கிப் பையோடும் குடையோடும் நேரிலேயே வந்தது. புதிதாக வந்த சுகாதார ஆய்வாளர் மம்தா. சிக்மகளூர்ப் பெண். கோலார் தங்கவயலுக்கு மாற்றல் ஆன ஆறே மாதத்தில் தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடாமலிருக்க நடுநடுவே கன்னடத்தை முட்டுக்கொடுத்துக்கொள்வாள்.

"அக்கா, கிணறு பக்கத்துல ராஜகாலுவே, இந்தப் பெரிய காலுவாய், கல்லு ஒடஞ்சு இதெ. அங்கிருந்து ஊறி உள்ள போகுது. ஆனா யாரு வீட்டுத் தண்ணி அதுன்னு கொத்தாகபேக்கு. தெரியணும்."

"எப்டித் தெரியும்?"

"கலர் ஊத்திப் பாக்கணும். ஆபீஸ்ல கலர்க்கு இண்டெண்ட் போட்டிருக்கேன். சாங்ஷன் ஆகணும்."

"எப்ப ஆவும்?"

மம்தா வானத்தைப் பார்த்தாள். மழை எப்போது வரும் என்று கேட்டால் பார்க்கிற மாதிரியே.

புஷ்பவல்லி வீட்டுக்குள் போய், பிரியாணிக்குப் போடும் கேசரிப் பவுடர் டப்பாவை எடுத்துவந்தாள். "இது ஆவாதா? ஒரு சிட்டிகை போட்டா ஒரு அண்டா சோறு செவக்குது."

மம்தா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரசாங்க விதிகளில் கேசரிப் பவுடரைப் பற்றி எதுவும் இல்லை. இல்லாததால் தடையும் இல்லை.

மேல்கோடி வீட்டிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் நான்கு வாளி கலர்த் தண்ணீர். இரண்டு பெண்கள் கிணற்றோர உடைசலில் குந்திக்கொண்டு பார்ப்பார்கள். பதினொரு வீடு ஆயிற்று. எல்லாம் தெருமுனைச் சேற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீடு தப்பியதும் அடுத்த வீட்டுக்காரியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பன்னிரண்டாவது வீடு புஷ்பவல்லியுடையது.

"இத உட்டுடலாம்பா" என்றாள் டெய்சி. "கம்ப்ளெய்ண்டே அவ குடுத்தது. அதுவுமில்லாம இது மாரிகுப்பம் போற லைனு."

"இன்னாத்துக்கு உடறது? எல்லார் வீட்லயும் ஊத்தனம் இல்ல?" புஷ்பவல்லி தானே வாளியைத் தூக்கினாள். கழுவும் மேடையில் ஊற்றினாள். செக்கச்செவேல் என்று சரிந்து ஓடியது. நான்காவது வாளியைக் கவிழ்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மாரிகுப்பம் பக்கமாகப் பார்த்து நின்றாள்.

மாரிகுப்பம் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. கிணற்றுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துக்கினு கீது! செவப்பா வந்துக்கினு கீது!"

எல்லோரும் ஓடினார்கள். உடைந்த கல்லிடுக்கில் செந்நிறத் தண்ணீர் நிதானமாக, பந்திக்கு வந்த விருந்தாளி மாதிரி, வந்து உட்கார்ந்தது. ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலம் போன மழையில் மண் மூடிப்போயிருந்தது என்றும், அதனால் தண்ணீர் திரும்பி இந்தப் பக்கம் வருகிறது என்றும் மம்தா விளக்கினாள். யாரும் விளக்கத்தைக் கேட்கவில்லை. எல்லோரும் புஷ்பவல்லியைப் பார்த்தார்கள்.

டெய்சிதான் முதலில் வாயைத் திறந்தாள். "வாய்ல ஊத்தணும்னியே புஷ்பா. சூசைக்கு எப்டி, டம்ளர்லயா, சொம்புலயா?"

புஷ்பவல்லியின் முகமும் கேசரி நிறத்துக்கு வந்தது. பிறகு மம்தாவிடம், "எழுதிக்கோம்மா" என்றாள். "கதவு நம்பர் பன்னெண்டு. ஆளு சூசைராஜ்."

*

நோட்டீஸ் கன்னடத்தில் வந்தது. எண்ணெய்க் கழிவை மழைநீர்க் கால்வாயில் விட்ட குற்றத்துக்காக, இருபத்தொரு நாளில் எண்ணெய் தடுக்கும் தொட்டி கட்ட வேண்டும், தவறினால் ஷெட்டுக்குச் சீல். சூசைராஜ் அதை மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் அதே சங்கதிதான் இருந்தது.

"எம் பொண்டாட்டியே எம்மேல கேஸு குடுத்துக்கீறா. ஃபாக்டரில தெரிஞ்சா காறித் துப்புவானுங்க."

"நான் உம்மேல குடுக்கல. எண்ண உட்டவம்மேல குடுத்தேன்."

"அது நாந்தான்னு தெரிஞ்சப்புறம் வாபஸ் வாங்க வேண்டியதுதான?"

"இன்னான்னு வாங்கறது? எம் புருஷன் எண்ண மட்டும் ருசியா கீதுன்னா?"

"தோ பாருமே. மூணு வருசமா ஷெட்டு நடக்குது. எவன் செத்தான்?"

"எவனாச்சும் சாவட்டும்னு வெயிட் பண்றியா மேன்?" அவள் கருவாட்டுக் குழம்புச் சட்டியை அவன் எதிரில் வைத்தாள். வைத்ததில் சத்தம் கொஞ்சம் அதிகம். "இதுவும் அந்தத் தண்ணிலதான் ஆக்குனேன். துண்ணு. பல்லவி லீவுக்கு வந்தா அவளும் இத்ததான் துண்ணணும்."

அவன் சாப்பிட்டான். குழம்பில் ஒரு வாடையும் இல்லை என்று நிரூபிப்பதற்காக இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டான்.

மாலையில் காத்தவராயன் வந்தார். வெள்ளை வேட்டி சரசரத்தது. உட்காரும் முன்பே ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"சூசை, நீ கவலய உடு. நான் கீறேன். தங்கச்சி, நீ ஒரு வார்த்த சொன்னா போதும். அந்தக் கையெழுத்து என்னுது இல்ல, வேற புஷ்பவல்லின்னு எழுதிக் குடு. ஃபைலை நான் பாத்துக்கறேன்."

"டோக்கன் நம்பர்லாம் போட்டுக்கீறேன் அண்ணே."

"டோக்கன் நம்பர் ஏம்மா போட்ட?" கவுன்சிலருக்கு உண்மையாகவே வலித்தது. "மனுன்னா பொத்தாம் பொதுவா இருக்கணும். அப்பதான் எல்லாருக்கும் நல்லது."

"மைக்ல நீங்கதான சொன்னீங்க, காலுவாய்ல மழத் தண்ணி மட்டும்தான் ஓடணும்னு?"

"மைக்ல சொல்றது ஜனங்களுக்கு. நாம வீட்ல பேசிக்கினு கீறோம்."

"நாங்களும் ஜனங்கதான் அண்ணே. டீ குடிச்சிட்டுப் போங்க. குழாத் தண்ணில போட்டதுதான், பயப்படாதீங்க."

அவர் போன பிறகு சூசைராஜ் வெகுநேரம் மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவமானம் அவனுக்குள் மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. தொட்டி கட்டு என்று ஒரு நகரசபை தன்னிடம் சொல்வதா? தொட்டி என்றால் என்ன என்று நகரசபைக்குக் காட்டுகிறேன்.

காட்டினான். நான்கு நாள் டிராயிங் மட்டும் போட்டான். மேல்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு. மூன்று அறை, நடுவில் இரும்புத் தகடு. எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் தகட்டுக்கு அடியில் நுழைந்து அடுத்த அறைக்குப் போகும். சரியான யோசனைதான். ஒரு வண்டி கழுவ எத்தனை வாளி, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அளவு வைத்தான். ஸ்பிரிட் லெவல் வைத்துக் கொத்தனாரை அழ வைத்தான். "ஒரு நூல் ஏறிக்கீது, இட்ச்சுக் கட்டு" என்று இரண்டு தடவை இடிக்கவிட்டான். கொத்தனார் இதுவரை கட்டிய எதுவும், கல்யாண மண்டபம் உட்பட, நூல் கணக்கில் கட்டப்பட்டதல்ல. கடைசியில் ஃபாக்டரி புல்டோசர் மஞ்சளில் பெயிண்டும் அடித்தாயிற்று.

திறப்பு விழாவைக் காத்தவராயன் கேட்டு வாங்கிக்கொண்டார். தொட்டிக்கு ரிப்பன் கட்டி வெட்டினார். நைல் நதி நாகரிகத்தில் தொடங்கி சூசைராஜின் தொட்டியில் முடித்தார். லட்டு கொடுத்தார்கள். மம்தா மட்டும் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"அண்ணா, மழ வந்தா?"

"இன்னா வந்தா?"

"மனெ கூரைத் தண்ணி, ஷெட்டுக் கூரைத் தண்ணி, எல்லா இந்த மேடைக்குத்தானே இறங்குது?"

"மேடம், இது ஆயில் ட்ராப், எண்ணயப் புடிக்கிற தொட்டி. டிசைன் பண்ணிப் போட்டது" என்றான் சூசைராஜ், குழந்தைக்குச் சொல்லும் குரலில். விழாவுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். மம்தா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு லட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாள்.

*

தொட்டி நன்றாகவே வேலை செய்தது. மூன்று வாரத்தில் கிணற்றுப் படலம் மெலிந்து, பிறகு காணாமலே போயிற்று. முதல் அறையின் மேல் கறுப்பாக எண்ணெய் ஒரு ஜாண் கனத்துக்குச் சேர்ந்துவிட்டது.

"அத்த எட்த்து டிரம்ல ஊத்து மேன்" என்றாள் புஷ்பவல்லி, தினமும்.

"இரும்மே. நாளைக்கு ஷாப்புல இருந்து ஃபோர்மேன் வராரு பாக்க."

அவன் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? ஃபோர்மேன் வந்தார், யூனியன் செக்ரட்டரி வந்தார், பங்குச் சாமியார்கூட வந்து எட்டிப் பார்த்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எண்ணெயின் கனத்தை அளந்து காட்டுவதில் சூசைராஜுக்கு ஒரு தனி சுகம். "இவ்ளோவும் கெணத்துக்குப் போய்க்கினு இருந்தது சார்" என்பான், வேறு யாரோ விட்ட எண்ணெய் மாதிரி.

மே மாதம் பத்தாம் தேதி, சாயங்காலம் நான்கு மணிக்கு மாங்காய் மழை வந்தது.

முதலில் புழுதி வாசனை. பிறகு காசு காசாகத் துளிகள். பிறகு யாரோ மேலே அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள். வீட்டுக் கூரைத் தண்ணீரும் ஷெட்டுத் தகரத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து, எங்கே சரிவு இருக்கிறதோ அங்கே போயின. நூல் பிசகாமல் சரிவு வைத்தவன் சூசைராஜ்.

தொட்டி நிறைந்தது. மஞ்சள் மூடி ஒருமுறை எழுந்தது, உட்கார்ந்தது, பிறகு மிதந்து போயிற்று. மூன்று வாரத்து எண்ணெய் மொத்தமும் விளிம்பைத் தாண்டி, கறுப்பு நாக்கு மாதிரி கால்வாய்க்குள் நீண்டது.

சூசைராஜ் தார்ப்பாயை எடுத்து, தொட்டிக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டிக்குக் குடை பிடித்தவன் கோரமண்டலில் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

"அத்த உடு மேன்! தண்ணி மேல இருந்தா வருது? பக்கத்துல இருந்து வருது!" புஷ்பவல்லி ஷெட்டுக்குள் ஓடினாள். தரையில் எண்ணெய் சிந்தினால் தூவுவதற்கு மரத்தூள் இரண்டு சாக்கில் இருந்தது. ஒன்றை இடுப்பில் வைத்தாள். இன்னொன்றைத் தரதரவென்று இழுத்தாள். "கெணறு! கெணத்தாண்ட வா!"

கால்வாயோடு ஓடினாள். நாற்பது அடி. கறுப்பு நாக்கும் அவளோடு ஓடியது, அவளுக்குக் கொஞ்சம் முன்னால். உடைசலுக்கு இரண்டு முழம் இருக்கும்போது கால்வாய்க்குள் குதித்து, மரத்தூள் சாக்கைக் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. எண்ணெய் புடவையில் ஏறியது.

"டெய்சி! சாக்கு எட்த்தா! கோணி, பழம்புடவ, எதுன்னா எட்த்தா!"

கதவுகள் திறந்தன. டெய்சி கோணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். "லட்டு குடுத்தியே புஷ்பா, தெறப்பு விழாவுக்கு. இதுக்கு இன்னா குடுக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே கால்வாய்க்குள் இறங்கி, புஷ்பவல்லிக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். டெய்சியின் உடம்பு கால்வாய்க்கு நல்ல பொருத்தமாக இருந்தது.

"சாக்கு மட்டும் நிக்காது. மேல வந்துடும்" என்று ஒரு குரல். சூசைராஜ். தார்ப்பாய் இல்லை. ஷெட்டின் தகரக் கதவைக் கீலோடு பிடுங்கித் தலைமேல் தூக்கி வந்திருந்தான். "நவுருங்க. கீழ ரெண்டு இஞ்சு வுட்டு நிறுத்தணும். எண்ண மேல நிக்கும், தண்ணி அடில போயிடும்."

"அடில போற தண்ணி கெணத்துக்குப் போவாதா?" என்றாள் டெய்சி.

"ஒடச்சல்ல சாக்க அடைங்க. தண்ணி நேரா போவட்டும்."

யாரும் ஸ்பிரிட் லெவல் கேட்கவில்லை. கதவு கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. ஆனால் நின்றது. கறுப்பு அதன்முன் வந்து மோதி, சுழன்று, தேங்கியது. அடியில் கலங்கல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மழை விட்டதும் வெளிச்சம் இருக்கும்வரை எல்லோரும் தட்டாலும் கிண்ணத்தாலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். கடைசியில் டெய்சி கிணற்றுக்குள் வாளியை இறக்கி ஏற்றினாள். முகர்ந்தாள். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"தப்பிச்சிது" என்றாள். "இந்த வாட்டி."

*

மறுநாள் காலை புஷ்பவல்லி நகரசபை ஆபீசுக்குப் போனாள். கை நகத்துக்குள் இன்னும் கறுப்பு இருந்தது.

"நேத்து எங்க தொட்டி வழிஞ்சிடிச்சும்மா. எண்ண காலுவாய்க்கு வந்திடிச்சி. எழுதிக்கோ."

மம்தா பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினாள். "யாரு கம்ப்ளெய்ண்ட் கொடுக்கறாங்க அக்கா?"

"நான்."

"யாரு மேல?"

"எம்மேல."

மம்தா மேஜை அறையைத் திறந்து பார்த்தாள். அண்டை வீட்டார் மேல் புகார் கொடுக்க ஃபாரம் இருந்தது. ஆபீஸ் மேல் புகார் கொடுக்கக்கூட ஒரு ஃபாரம் இருந்தது, அதில் யாரும் கைவைக்காததால் புதுசாகவே இருந்தது. தன்மேல் தானே கொடுக்க எதுவும் அச்சடிக்கப்படவில்லை.

"வெள்ளக் காயிதத்துல எழுது. நான் ஒக்காந்துக்கறேன்." உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு சூசைராஜ் வந்தான். அரைநாள் லீவு போட்டு, ஃபாக்டரிச் சட்டையோடு. "மேடம், டிசைன் தப்பில்ல" என்றுதான் ஆரம்பித்தான். மனைவி திரும்பிப் பார்த்தாள். "தப்பில்ல, ஆனா மழய நான் சேத்துக்கல" என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன மிக நீளமான மன்னிப்பு அது.

"மேடை மேல கூரை போடணும் அண்ணா. சுத்தி ஒரு திட்டு. கூரைத் தண்ணி பைப்ல தனியா வெளிய போகணும். எண்ணெய வாராவாரம் எடுக்கணும். அது ஆகற வரைக்கும் மேடைல ஒரு வண்டி ஏறக் கூடாது."

"மழ இன்னும் நாலு மாசம் பேயும் மேடம். கூரை போட்டாலும் சாரல் அடிக்கும்."

"அப்ப மழ முடியற வரைக்கும் கழுவ வேணாம்" என்றாள் புஷ்பவல்லி.

"இன்னாமே பேசற? ஷெட்ட மூடிட்டு இன்னா பண்றது? பல்லவிக்கு ஜூன்ல ஃபீஸ்."

"ஷெட்ட எவன் மூடச் சொன்னான்? கழுவறத நிறுத்துன்னேன். ஈரம் இல்லாத வேலயே இல்லயா ஒனக்கு?"

"ஈரம் இல்லாத வேலன்னா..." கோபமாகத்தான் ஆரம்பித்தான். "கிளட்ச் பிளேட்டு மாத்தலாம். பிரேக் ஷூ. வீல் பெண்டு. மேக்னெட்டோ..." சொல்லச் சொல்ல விரல் மடக்கினான். இரண்டாவது கைக்கு வந்துவிட்டிருந்தான். மம்தா எல்லாவற்றையும் வெள்ளைக் காகிதத்தில் எழுதினாள், மேக்னெட்டோ உட்பட. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்தபோது காத்தவராயன் படியேறிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. முகத்தில் துக்கமும் உற்சாகமும் சரிபாதி.

"கேள்விப்பட்டேன் சூசை. மனச உடாத. புதுசா கூரை போட்றீங்களாமே? தேதிய மட்டும் சொல்லு. எம்.எல்.ஏவையே இட்டாரேன் தெறக்கறதுக்கு."

"தெறக்கற வேல ஒண்ணும் இல்ல அண்ணே" என்றாள் புஷ்பவல்லி. "தோண்டற வேலதான் கீது. ரயில்வே பாலத்தாண்ட அடஞ்சிருக்கிற மண்ண ஞாயித்துக்கெழம தெருவே சேந்து தோண்டறோம். ஒரு மம்பட்டி எட்த்துக்கினு வாங்க. காலைல ஏழு மணி."

காத்தவராயனுக்கு ஞாயிற்றுக்கிழமை பங்காருப்பேட்டையில் ஒரு முக்கியமான கூட்டம் இருந்தது உடனே நினைவுக்கு வந்தது.

நந்திதுர்க் பக்கம் வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது. சிமெண்டுக் கடைக்குப் போகும் வழியில் சூசைராஜ் கூரைக்கு எத்தனை தகடு, திட்டுக்கு எத்தனை செங்கல் என்று சொல்லிக்கொண்டே வந்தான். டிராயிங் ஒன்று போட்டுவிட்டால் நல்லது என்றும் சொன்னான்.

"டிராயிங் அப்புறம் போடு" என்றாள். "மொதல்ல ஒடச்சல்ல அடச்ச சாக்கு நிக்குதான்னு பாக்கணும். சீக்கிரம் நட."

அவன் நடந்தான். அவள் ஏற்கனவே ஓடத் தொடங்கியிருந்தாள்.